99 வெள்ளிக்கு அறுபது டெஸ்ட்: எடுக்காதவர் முட்டாளா?

2 ஜூன் 2024, தொடக்கக் கேள்வி

அடுத்த மாதம் மலேசியாவில் எங்கள் ஊத்தான் மெலிந்தாங் பக்கம் ஒரு கோயில் மண்டபத்தில் இரத்தப் பரிசோதனை முகாம். 99 வெள்ளிக்கு, அதாவது 99 ரிங்கிட்டுக்கு, அறுபது டெஸ்ட்டாம். கல்லீரல், சிறுநீரகம், தைராய்டு, மூட்டுவாதம், புற்றுநோய் எல்லாம் ஒரே ஊசியில் தெரிந்துவிடும். வெளியே தனித்தனியாக எடுத்தால் பல மடங்கு ஆகும். உடம்புக்கு ஒன்றுமில்லாதபோதே வருசத்துக்கு ஒரு தடவை எடுத்து வைத்தால் நிம்மதி. காசு இருந்தும் எடுக்காதவர் முட்டாள் என்பது என் கருத்து. மறுக்கிறவர்கள் காரணத்தோடு மறுக்கவும்.

2 ஜூன், இரவு

மறுக்கிறேன். காரணம் நாளைக்கு. அரசாங்க மருத்துவமனை ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்துத்தான் எனக்குத் தலை நரைத்தது, அதனால் பேச உரிமை உண்டு என்று நினைக்கிறேன். அதற்குள் நீங்கள் ஒன்று செய்யுங்கள் தம்பி. எந்தெந்தக் குழாயில் இரத்தம் எடுக்கிறார்கள், எடுத்து எத்தனை மணி நேரத்தில் அது ஆய்வுக்கூடம் போய்ச் சேரும் என்று அவர்களிடம் கேட்டு வையுங்கள்.

3 ஜூன்

ரிப்போர்ட்டில் உங்கள் எண்ணுக்குப் பக்கத்தில் 'இயல்பு அளவு' என்று இரண்டு எண் போட்டிருக்கும். அது எப்படி வருகிறது? நோயில்லாதவர்கள் என்று கருதப்படும் ஒரு கூட்டத்திடம் இரத்தம் எடுத்து, கிடைக்கும் எண்களை வரிசைப்படுத்தி, அடியில் நூற்றுக்கு இரண்டரை, உச்சியில் நூற்றுக்கு இரண்டரை வெட்டிவிடுவார்கள். நடுவில் மிஞ்சும் 95 பேரின் எண்கள்தான் 'இயல்பு'. ஆக, நல்ல உடம்புக்காரர்கள் 100 பேரில் 5 பேர் எந்த டெஸ்ட் எடுத்தாலும் கோட்டுக்கு வெளியேதான் நிற்பார்கள். வெட்டிய விதம் அப்படி.

இருபது டெஸ்ட் எடுத்தால் கோட்டுக்கு வெளியே என்று காட்டும் நட்சத்திரக் குறி ஒன்றுகூட இல்லாமல் தப்பிக்கிறவர்கள் நூற்றுக்கு 36 பேர். மற்ற 64 பேருக்கும் ஏதாவது ஒன்று தடித்த எழுத்தில் வந்திருக்கும். அறுபது டெஸ்ட்டுக்கு அதே கணக்கைப் போட்டால் 95 பேருக்கு அப்படி வரும். சும்மா போனவர்கள் கவலையோடு திரும்புவார்கள். அப்புறம் அந்தக் குறியைப் போக்க மறுபடி டெஸ்ட், ஸ்கேன், தெலுக் இந்தான் நகரத்துக்கு அலைச்சல், ஒரு நாள் சம்பளம் போச்சு. 99 வெள்ளி என்பது நுழைவுச் சீட்டின் விலை மட்டும்தான்.

3 ஜூன், பிற்பகல்

கணக்கு வாத்தியாராக இருந்தவர் ஒருவர் கீழே எழுதியிருக்கிறார்: இந்த 64 சரியாக வர வேண்டுமென்றால் இருபது டெஸ்ட்டும் ஒன்றோடொன்று சம்பந்தமில்லாமல் இருக்க வேண்டும் என்று. சரியான கேள்வி ஐயா. சம்பந்தம் உண்டு. கல்லீரல் என்சைம்கள் சேர்ந்தே ஏறும், சிறுநீரகத்துக்குப் பார்க்கும் யூரியாவும் கிரியேட்டினினும் அப்படியே. அதனால் உண்மையான எண்ணிக்கை 64க்குக் கீழேதான் இருக்கும். ஆனாலும் 5க்குப் பக்கத்தில் வராது.

இன்னொன்றையும் சேர்க்கிறேன். சர்க்கரைக்கும் கொலஸ்ட்ராலுக்கும் இந்த வெட்டு முறை கிடையாது. இந்த அளவுக்கு மேல் போனால் கண்ணும் சிறுநீரகமும் இதயமும் கெடும் என்று பார்த்து வைத்த எல்லைகள் அவை. அந்த இரண்டிலும் ஊரில் நூற்றுக்கு ஐந்து பேர் மட்டும் வெளியே நின்றால் பால்குடம் எடுக்கலாம்.

6 ஜூன்

பொட்டாசியக் கதை ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இதே மாதிரி ஒரு முகாம் முன்பு பக்கத்து ஊரில் நடந்தது. யார் நடத்தியது என்பது இங்கே வேண்டாம். எங்கள் தெரு லோரி ஓட்டுநர் ஒருவர், அறுபது வயதைத் தொட்டவர், எடுத்துக்கொண்டார். மறுநாள் சாயங்காலம் போன் வருகிறது: 'அங்கிள், உங்கள் பொட்டாசியம் 6.4, இதயம் நின்றுபோகலாம், உடனே எமர்ஜென்சிக்குப் போங்கள்.' வீட்டில் அழுகை. மகன் வேலையைப் போட்டுவிட்டு ஷா ஆலாமிலிருந்து ஓடி வந்தான். மருத்துவமனையில் இசிஜி எடுத்தார்கள், சுத்தமாக இருந்தது. மறுபடி இரத்தம் எடுத்தார்கள். 4.3. வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார்கள்.

என்ன நடந்திருக்கும் என்று எனக்கு உட்கார்ந்த இடத்திலேயே தெரியும். சிவப்பணுவுக்குள் இருக்கும் பொட்டாசியம், வெளியே நீர்ப்பகுதியில் இருப்பதைப்போல இருபது மடங்குக்கும் மேல். அணு உடைந்தாலோ, அதிக நேரம் அப்படியே கிடந்தாலோ, அது வெளியே கசியும். காலை ஏழு மணிக்கு மண்டபத்தில் எடுக்கிறார்கள். நரம்பு தெரியவில்லை என்று 'கையை மூடித் திறங்க அங்கிள்' என்கிறார்கள், அதனாலேயே கொஞ்சம் ஏறும். அணுக்களையும் நீர்ப்பகுதியையும் சுழற்றிப் பிரிக்கும் எந்திரம் அங்கே இல்லை. குழாய்கள் பெட்டியில் கிடந்து, வேனில் குலுங்கி, மத்தியானத்துக்கு மேல் நகரத்துக்குப் போய்ச் சேர்கின்றன. நம் ஊர் வெயில் வேறு.

பொட்டாசியம் பொய்யாக ஏறினால் ஒரு ராத்திரி பயத்தோடு போய்விடும். எதிர்ப்பக்கம் நடப்பதுதான் எனக்குக் கவலை. அதே குழாயில் அணுக்கள் சர்க்கரையைத் தின்றுகொண்டிருக்கும், மணிக்கு நூற்றுக்கு 5 முதல் 7 வரை. காலையில் 7.4 இருந்தவருக்கு மத்தியானம் இயல்பு என்று வரும். இனிப்புநீர் இருக்கிறவர் 'ஒன்றுமில்லை' என்ற காகிதத்தோடு வீட்டுக்குப் போவார், போகிற வழியில் இனிப்பாக ஒரு தே தாரிக் தேநீர் வேறு.

இதற்காகத்தான் ஃப்ளோரைடு போட்ட, சாம்பல் மூடிக் குழாய் இருக்கிறது. அதுகூட முதல் ஒன்றிரண்டு மணி நேரத்துக்குத் தின்பதை முழுக்க நிறுத்தாது, அப்புறம்தான் பிடிக்கும். ஊதா மூடிக் குழாயில் எடுக்கும் எச்பிஏ1சிக்கு, அதாவது இரண்டு மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் டெஸ்ட்டுக்கு, இந்தத் தொல்லை இல்லை. மண்டபத்தில் கண்ணில் பட வேண்டியவை ஊதா மூடி, சாம்பல் மூடி, சுழல் எந்திரம். அறுபது என்ற எண்ணை அப்புறம் பார்க்கலாம்.

9 ஜூன்

'அக்காவுக்கு கவர்மெண்ட் கிளினிக் எவ்வளவு கொடுக்கிறது' என்று ஒருவர் கேட்டிருக்கிறார். அங்கே நோயாளியிடம் வாங்குவதே 1 வெள்ளி. அதில் எனக்குப் பங்கு கொடுத்தால் இதே இழையில் கணக்குக் காட்டுகிறேன்.

12 ஜூன்

ஒரு தங்கை தனிச்செய்தியில் கேட்டதை, அடையாளம் நீக்கி, அனுமதியோடு போடுகிறேன். கணவர் செம்பனைக் குலை வெட்டுகிறவர், நாற்பதுக்குக் கீழே. ஏதோ ஒரு முகாமில் எடுத்த ரிப்போர்ட்டில், கல்லீரலுக்குப் பார்க்கும் என்சைம்களில், ஏஎஸ்டி 78, ஏஎல்டி 41. 'கல்லீரல் வீக்கம்' என்று யாரோ சொல்லிவிட்டார்கள். அவர் குடிப்பதில்லை என்கிறார். மாமியார் நம்பவில்லை. வீட்டில் சண்டை.

ஏஎஸ்டி கல்லீரலில் மட்டும் இல்லை. தசையிலும் இருக்கிறது. காலை முழுக்க நீளக் கம்பில் அரிவாளைக் கட்டி அண்ணாந்து வெட்டி, இருபது கிலோ குலையைத் தூக்கித் தள்ளுவண்டியில் போடுகிறவனின் தசை தினமும் கொஞ்சம் நொய்ந்து அந்த என்சைமை இரத்தத்தில் விடும். ஜிம்முக்குப் போகும் பையன்களுக்கும் இப்படி வரும். கிரியேட்டின் கைனேஸ் என்று ஒரு டெஸ்ட் இருக்கிறது, சிகே என்பார்கள். அது தசையினுடையது. அதுவும் கூடவே ஏறியிருந்தால் தசையைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். ஒரு வாரம் பாரம் தூக்காமல் இருந்துவிட்டு மறுபடி எடுத்தால் இறங்க வேண்டும்.

இதைப் படித்துவிட்டு ஊரில் குடிக்கிறவர்கள் எல்லாரும் 'எனக்குத் தசைதான் லா' என்று கிளம்ப வேண்டாம். சம்சு என்ற மலிவுச் சாராயத்தாலும் ஏஎஸ்டிதான் ஏஎல்டியைவிட அதிகமாக ஏறும், இரண்டு மடங்கோ அதற்கு மேலோ. ஏறக்குறைய அதே படம். காகிதத்தைப் பார்த்து நான் உட்பட யாரும் அவர் குடிக்கிறாரா என்று சொல்ல முடியாது. சிகேயும், கல்லீரலின் இன்னொரு என்சைமான ஜிஜிடியும் சேர்த்துப் பார்க்கிற மருத்துவர், அவர் என்ன வேலை செய்கிறார் என்று கேட்கிற மருத்துவர் வேண்டும். அந்த மண்டபத்தில் வேலை என்ன என்று யாரும் கேட்கவில்லையாம். படிவத்தில் அதற்கு இடமே இல்லையாம்.

15 ஜூன்

தமிழ்நாட்டிலிருந்து வரும் வாட்ஸ்அப் வீடியோக்களைப் பற்றி. அங்கே மில்லிகிராம் கணக்கு, இங்கே மில்லிமோல் கணக்கு. எங்கள் வரிசையில் ஒரு பாட்டிக்கு வெறும் வயிற்றில் 9. வீடியோவில் டாக்டர் '126க்கு மேல் போனால்தான் சர்க்கரை நோய்' என்றாராம். 'எனக்கு ஒன்பதுதான், இன்னும் நூற்றுப் பதினேழு பாக்கி இருக்கு' என்று லட்டு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். 126ஐ 18ஆல் வகுத்தால் 7. பாட்டி அதைத் தாண்டி இரண்டு படி மேலே.

மற்றவையும் எழுதிவிடுகிறேன், பத்திரப்படுத்திக்கொள்ளுங்கள். கொலஸ்ட்ராலுக்கு 38.67ஆல் வகுக்க வேண்டும், அதாவது அங்கே 200 என்றால் இங்கே 5.2க்குக் கொஞ்சம் கீழே. கிரியேட்டினின் தலைகீழ், பெருக்க வேண்டும்: அங்கே 1, இங்கே 88. அங்கிருந்து வந்த மருமகள் தன் ரிப்போர்ட்டில் 70ஐப் பார்த்து 'எனக்கு ஒன்றுகூட இருக்கக்கூடாதே' என்று மயங்காத குறை.

18 ஜூன்

ஞாயிற்றுக்கிழமை இழை கொஞ்சம் தூங்கியது, அதனால் நான் சொந்தக் கதைக்குப் போகிறேன்.

அப்பா தோட்டத்து டிரஸர், அதாவது அங்கே மருந்து கொடுத்துக் காயம் கட்டுகிறவர். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு முடிந்ததும் ஆட்கள் காட்டுக்குப் போவார்கள், முடியாதவர்கள் அப்பாவிடம் வருவார்கள். அவரிடம் இருந்த இரசாயனச் சோதனை ஒன்றே ஒன்று: பெனடிக்ட் கரைசல். நீல நிறம். அதில் சில சொட்டு மூத்திரம் விட்டு ஸ்பிரிட் விளக்கில் கொதிக்க வைப்பார். நீலமாகவே இருந்தால் ஒன்றுமில்லை. பச்சை, மஞ்சள், ஆரஞ்சு என்று போய்ச் செங்கல் நிறத்துக்கு வந்தால் நிறைய சர்க்கரை. லயத்துக் குடியிருப்பில் இருந்த எல்லாருக்கும் அவர் அதைச் செய்ததில்லை. 'ராத்திரி எத்தனை தடவை எழுந்திரிக்கிறே, போன இடத்தில் எறும்பு வருதா' என்று கேட்பார். ஆமாம் என்றால்தான் விளக்கைப் பற்றவைப்பார். கரைசல் தீர்ந்தால் அடுத்த புட்டி வர நாளாகும், அந்தச் சிக்கனமும் ஒரு காரணம்.

அறுபது டெஸ்ட் மலிவானது எப்படி என்று கேட்ட தம்பிக்கும் இங்கேயே பதில். 1957இல் அமெரிக்காவில் டெக்னிகான் நிறுவனம் ஆட்டோஅனலைசர் என்ற எந்திரத்தை விற்க ஆரம்பித்தது. லெனார்ட் ஸ்கெக்ஸ் என்பவர் கண்டுபிடித்தது. மெல்லிய குழாயில் ஒருவர் பின் ஒருவராக இரத்த மாதிரிகள் ஓடும், ஒன்று மற்றதோடு கலந்துவிடாமல் நடுவில் காற்றுக் குமிழி. அதற்குமுன் ஒவ்வொரு டெஸ்ட்டையும் ஒரு ஆள் கையால் செய்தார். பத்து வருசத்தில் மணிக்கு 60 மாதிரி, ஒவ்வொன்றிலும் 12 டெஸ்ட் என்று எந்திரம் வந்துவிட்டது. இரண்டு டெஸ்ட் கேட்டாலும் பன்னிரண்டும் வந்தே தீரும். மருத்துவர் கேட்காத பத்து எண்ணும் காகிதத்தில் உட்கார்ந்திருக்கும். அப்படி ஆரம்பித்த பழக்கம் இது.

அதனால் கிடைத்த நன்மை ஒன்றையும் மறைக்கக் கூடாது. 1974 நடுவில் மினசோட்டாவின் ராச்செஸ்டரில், மேயோ கிளினிக்கில், கால்சியத்தை வழக்கமான பட்டியலில் சேர்த்தார்கள். அபூர்வம் என்று நினைத்த, கால்சியத்தைக் கட்டுப்படுத்தும் பாராதைராய்டு சுரப்பியின் நோய் திடீரென்று பல மடங்கு கண்ணில் பட்டது. ஆனால் புதிதாகச் சிக்கியவர்களில் பெரும்பாலோருக்குத் தொந்தரவு எதுவும் இல்லை. அவர்களுக்கு அறுவை செய்வதா விடுவதா என்று மருத்துவர்கள் அப்புறம் வெகுகாலம் மண்டையைப் போட்டு உடைத்துக்கொண்டார்கள்.

22 ஜூன்

தொடக்கக் கேள்வி கேட்ட தம்பி சூடாக எழுதியிருக்கிறார்: 'கதை போதும் அக்கா. எடுத்தவர்கள் எடுக்காதவர்களைவிட அதிக நாள் வாழ்கிறார்களா இல்லையா, அதைச் சொல்லுங்கள்.'

பார்த்திருக்கிறார்கள். கலிபோர்னியாவில் கைசர் நிறுவனம் 1964இல் ஆரம்பித்து, பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை இரண்டாகப் பிரித்தது. ஒரு பாதியை வருசந்தோறும் முழுப் பரிசோதனைக்கு வற்புறுத்தி அழைத்தார்கள், மறுபாதியை அழைக்கவில்லை. 16 வருசம் கழித்து மொத்த இறப்பில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. ஆனால் இரத்த அழுத்தம், பெருங்குடல் புற்றுநோய் போல முன்கூட்டிப் பிடித்தால் தள்ளிப்போடக்கூடிய சாவுகள் அழைத்த பாதியில் குறைந்திருந்தன. அவை இரண்டுமே இரத்த இரசாயனத்தால் பிடிபடுபவை இல்லை என்பதைக் கவனியுங்கள். 2019இல், மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் கோக்ரேன் குழு இப்படிப்பட்ட 17 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது, இரண்டரை லட்சம் பேர். பொதுவான உடல்நலப் பரிசோதனையால் இறப்பு குறைந்ததாகத் தெரியவில்லை.

22 ஜூன், நடு இரவு

மேலே எழுதியதை மறுபடி படித்தேன். தூக்கம் வரவில்லை.

அந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் நடந்தவை. அங்கே ஆட்களுக்கு வழக்கமாகப் போகிற குடும்ப மருத்துவர் இருக்கிறார். அழைக்காத பாதியும் வேறு காரணத்துக்காகப் போகும்போது இரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டுதான் இருந்தது. இங்கே? போன மாதம் வந்த தேசிய சுகாதார ஆய்வில், 2023ஆம் ஆண்டுக் கணக்குப்படி, மலேசியாவில் பெரியவர்களில் நூற்றுக்கு 15.6 பேருக்கு இனிப்புநீர். ஆறில் ஒருவர். அதிலும் ஐந்தில் இரண்டு பேருக்கு அது இருப்பதே தெரியாது. இந்தியர்களிடையே இது அதிகம் என்பது யாருக்கும் புதுச்செய்தி இல்லை.

என் தம்பி அப்படித்தான். பாதத்தில் ஒரு புண், ஆணி என்று நினைத்து பிளேடால் சீவிக்கொண்டிருந்தான். வார்டில் சேர்த்த அன்றைக்குத்தான் சர்க்கரை 19 என்று தெரிந்தது. இரண்டு விரல் போயிற்று. அதற்குமுன் எந்த மண்டபத்திலாவது யாராவது அவன் கையைப் பிடித்து ஒரு குழாய் எடுத்திருந்தால் என்று நானும் நினைத்திருக்கிறேன்.

அதனால் 'எடுக்காதே' என்று நான் சொல்லவில்லை. அறுபதைத்தான் மறுக்கிறேன்.

25 ஜூன்

எதை எடுப்பது என்று பலர் கேட்டுவிட்டீர்கள்.

முதலில் இரத்தமே வேண்டாம். கையில் பட்டை கட்டி அழுத்தம் பாருங்கள், இடுப்பை அளந்துகொள்ளுங்கள். அப்புறம் எச்பிஏ1சி அல்லது வெறும் வயிற்றுச் சர்க்கரை. எச்பிஏ1சிக்கு உலகத்தில் பல இடங்களில் 6.5 என்ற கோடு, மலேசிய வழிகாட்டியில் 6.3. நம் கோடுதான் நமக்கு. 5.7 முதல் 6.2 வரை எச்சரிக்கை மண்டலம். இரத்தசோகை இருந்தால் இந்த எண் ஏமாற்றும்: இரும்புச்சத்துக் குறைவில் பொய்யாக ஏறும், தலசீமியா மாதிரி அணு சீக்கிரம் அழியும் நோயில் பொய்யாக இறங்கும். கொலஸ்ட்ரால். இதற்குப் பட்டினி கிடக்க வேண்டும் என்பது பழைய வழக்கம். 2016இலேயே ஐரோப்பியக் குழுக்கள் பெரும்பாலோருக்குத் தேவையில்லை என்று சொல்லிவிட்டன. ட்ரைகிளிசரைடு என்ற இரத்தக் கொழுப்பு ரொம்ப அதிகமாக வந்தால் பட்டினி போட்டு மறுபடி பார்ப்பார்கள். கிரியேட்டினினும், அதிலிருந்து கணக்கிடும் இஜிஎஃப்ஆரும், அதாவது சிறுநீரகம் வடிகட்டும் வேகமும்.

சிறுநீரகத்தில் மட்டும் கொஞ்சம் நிற்கிறேன். கிரியேட்டினின் மெதுவாக விழித்துக்கொள்ளும் ஆள். சிறுநீரகத்தின் வேலை பாதி போகும்வரைகூட அது கோட்டுக்குள்ளேயே இருக்கலாம். மெலிந்த கிழவிக்குத் தசையே கொஞ்சம், அதனால் எண் அழகாக இருக்கும், சிறுநீரகம் அழகாக இருக்காது. இனிப்புநீர் சிறுநீரகத்தைத் தொட ஆரம்பிப்பது முதலில் மூத்திரத்தில்தான் தெரியும், அல்புமின் என்ற புரதம் கசியும். அறுபது டெஸ்ட் பட்டியலை ஒருவர் படம் எடுத்துப் போட்டிருந்தாரே, முழுக்கப் படித்தேன். புற்றுநோய்க் குறியீடு நாலு இருக்கிறது. மூத்திர அல்புமின் இல்லை.

பணம்: வருமானம் குறைந்தவர்களுக்கான அரசாங்கத்தின் பெக்கா பி40 திட்டம் 2019இலிருந்து இருக்கிறது. 40 வயதுக்கு மேல், எஸ்டிஆர் உதவித்தொகை வாங்குகிறவர்களும் அவர்கள் துணைவரும் இலவசமாகப் பரிசோதனை செய்துகொள்ளலாம், பதிவு பெற்ற தனியார் கிளினிக்கிலேயே. தொழிலாளர் காப்புறுதி அமைப்பான சொக்சோவும் 2013 முதல் 40 வயதைத் தொடும் உறுப்பினர்களுக்குப் பரிசோதனைச் சீட்டு கொடுக்க ஆரம்பித்தது. பாதிப் பேர் அந்தக் கடிதத்தைப் பில் என்று நினைத்து ஃபிரிட்ஜ் மேல் போட்டு வைத்திருப்பீர்கள். தேடுங்கள்.

30 ஜூன்

புற்றுநோய்க் குறியீடுகளைப் பற்றி ஏன் ஒன்றும் சொல்லவில்லை என்று கேள்வி. சுருக்கமாக: சிஇஏ, சிஏ 125, சிஏ 19-9 ஆகியவை ஏற்கெனவே நோய் உள்ளவரைப் பின்தொடர உதவுபவை. நல்லா இருக்கிறவரிடம் தேடுவதற்கு ஆனவை இல்லை. சிகரெட் பிடித்தாலே சிஇஏ ஏறும். மாதவிடாயின்போது சிஏ 125 ஏறும். இயல்பாக வந்தாலும் புற்றுநோய் இல்லை என்று அர்த்தமில்லை. கர்ப்பப்பை வாய்க்குப் பரிசோதனை எடுக்காத பெண்கள் சிஏ 125க்குக் காசு கட்டுவதைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. மூட்டுவாதக் காரணியும் அதே ரகம். மூட்டு வலி இல்லாத வயதானவர்களிலேயே பலருக்குப் பாசிட்டிவ் வரும்.

4 ஜூலை

இது கொஞ்சம் விலகல், ஆனால் தோட்டத்து ஊரில் இருந்துகொண்டு இதைப் பேசாமல் போனால் தப்பு.

மருந்தடிக்கும் பெண்கள். முதுகில் டேங்கைச் சுமந்துகொண்டு போகிறார்களே, அவர்களுக்கு உண்மையிலேயே வேலை சார்ந்த ஒரு இரத்தப் பரிசோதனை உண்டு. ஆர்கனோபாஸ்பேட் வகைப் பூச்சிமருந்து உடம்பில் ஏறினால் கோலினெஸ்டரேஸ் என்ற என்சைம் இறங்கும். அந்த அறுபதில் இது இல்லை. 2000ஆம் ஆண்டு வந்த இரசாயனப் பாதுகாப்பு விதிமுறைகளின்படி, இப்படிப்பட்ட மருந்துகளால் ஆபத்து உள்ள வேலையாட்களுக்கு மருத்துவக் கண்காணிப்பு செய்வது முதலாளியின் பொறுப்பு. பெண்களுக்கு அது தெரிவதில்லை. களைக்கொல்லியான பராகுவாட் வேறு வகை, அது கோலினெஸ்டரேஸில் தெரியாது. 2020 ஜனவரி 1 முதல் மலேசியாவில் அதற்குத் தடை.

கோலினெஸ்டரேஸ் ஆளுக்கு ஆள் நிறைய மாறும். அதனால் மருந்தடிக்கத் தொடங்கும் முன்பே ஒரு தடவை எடுத்து வைத்துக்கொண்டு, பிற்பாடு வரும் எண்ணை அதோடுதான் ஒப்பிட வேண்டும். காகிதத்தில் அச்சடித்த இயல்பு அளவு அவ்வளவாக உதவாது.

5 ஜூலை

தம்பி பிடித்துவிட்டார்: 'அப்படியானால் ஆரோக்கியமாக இருக்கும்போது எடுத்து வைப்பது நல்லது என்று நீங்களே ஒப்புக்கொள்கிறீர்கள்.'

கிரியேட்டினினுக்கு, ஆமாம். ஒரே ஆளுக்கு அது வருசக்கணக்கில் அதிகம் அசையாது. உங்களுக்கு எப்போதும் 65 இருந்து, இப்போது 95 என்றால், இரண்டும் இயல்புக்குள்ளேயே இருந்தாலும் மருத்துவர் நிமிர்ந்து உட்காருவார். பழைய காகிதம் இல்லையென்றால் 95 யார் கண்ணிலும் படாது. அதனால் ரிப்போர்ட்டைக் கிழித்துப் போடாதீர்கள். ஒரு ஃபைல் போடுங்கள், எந்த மருத்துவரிடம் போனாலும் அதோடு போங்கள். வருசத்துக்கு ஒரு இடம், ஒவ்வொரு இடத்திலும் ஒரு எந்திரம் என்று சுற்றினால் அந்த ஒப்பீடு கெட்டுவிடும்.

இந்த ஒரு புள்ளியில் தம்பி பக்கம் நியாயம் இருக்கிறது. மூட்டுவாதக் காரணிக்கு இது செல்லாது.

21 ஜூலை

முகாம் நடந்தது. நான் போகவில்லை, முட்டி வலி. போனவர்கள் சொன்னதை வைத்து: சுழல் எந்திரம் ஒன்று மேசையில் இருந்ததாம். யாரோ கேட்டிருக்கிறீர்கள் போல. சந்தோசம்.

29 ஜூலை

தமிழ்ப்பள்ளி ஆசிரியை ஒருவர் தன் ரிப்போர்ட்டைப் போட்டிருக்கிறார். ஒரே ஒரு நட்சத்திரம், யூரிக் அமிலம் 388. பருப்பு, கீரை, கோழி எல்லாவற்றையும் நிறுத்திவிட்டாராம். பக்கத்து வீட்டில் கொடுத்த அலோபியூரினால் மாத்திரையை ஆரம்பிக்கட்டுமா என்று கேட்கிறார்.

டீச்சர், தயவுசெய்து ஆரம்பிக்காதீர்கள். யூரிக் அமிலத்தால் வரும் கீல்வாதம் வந்ததில்லை, சிறுநீரகக் கல் வந்ததில்லை, எண் மட்டும் கொஞ்சம் கூடியிருந்தால் அதற்கு மருந்து தேவையில்லை. அந்த மாத்திரை சிலருக்குத் தோலையே உரித்துப்போடும், உயிருக்கே ஆபத்தாகும். மருத்துவர் பார்த்துக் கொடுக்க வேண்டியது அது. பருப்பை மறுபடி சாப்பிடுங்கள். இனிப்புப் பானங்களைக் குறையுங்கள், அது யூரிக் அமிலத்துக்கும் நல்லது.

உங்கள் காகிதத்தில் நான் பார்த்தது வேறு வரி. எச்பிஏ1சி 6.1. அதற்கு நட்சத்திரம் இல்லை, ஏனென்றால் அவர்கள் அச்சடித்திருக்கும் கோடு 6.3. ஆனால் அது எச்சரிக்கை மண்டலத்துக்குள் இருக்கிறது. அம்மாவுக்கு இனிப்புநீர் என்று நீங்களே மேலே எழுதியிருக்கிறீர்கள். இந்த ஒரு வரிக்காகக் காகிதத்தை எடுத்துக்கொண்டு கவர்மெண்ட் கிளினிக்குக்குப் போங்கள். மூத்திர அல்புமினும் பார்க்கச் சொல்லுங்கள்.

3 ஆகஸ்ட்

டீச்சர் கேட்கிறார், தங்கைக்கு 39, அவளும் பெக்கா பி40இல் போகலாமா என்று. 40 ஆகாமல் முடியாது. காத்திருக்கவும் வேண்டாம், 1 வெள்ளி கட்டிக் கிளினிக்கில் சர்க்கரை மட்டும் பார்த்துக்கொள்ளட்டும். அம்மாவுக்கு இருப்பதைக் கவுண்டரிலேயே சொல்லச் சொல்லுங்கள். செவ்வாய் புதன் காலையில் கூட்டம் குறைவு என்கிறார்கள், ஏழரைக்கே போய் எண் எடுத்துவிடுவது நல்லது.